மிளகாய் நாற்று வலைவீட்டில் வெண் ஈத் தடுப்பு

கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளின் மிளகாய்த் தோட்டங்களில் இலை சுருண்டு செடி குறுகுவதற்குப் பனிப்பூச்சி, சிற்றுண்ணி ஆகியவற்றோடு வைரசும் ஒரு காரணமாகும். வைரசைப் பரப்புவது ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் நீளமுள்ள வெண் ஈ. வைரசு பற்றிய செடியை எம்மருந்தும் குணப்படுத்தாது. ஆகவே ஈ நாற்றை அணுகாது காத்தல் வேண்டும்.

அங்குலத்துக்கு 50 கண்களுள்ள வலை ஈயைத் தடுக்கவல்லது. ஆயினும் கதவு திறந்து கிடப்பின் அவ்வலையாற் பயனில்லை. கமக்காரர் பலர் வலைக்குப் பெருஞ்செலவு செய்து கதவை மறந்துவிடுகின்றனர். மழையும் இரைகௌவிப் பூச்சிகளும் இல்லாத வலைவீட்டினுட் புகுந்த சில ஈக்கள், வெளியிலிருப்பதிலும் விரைவாகப் பெருகும். எனவே அடுத்தடுத்து இரு கதவுகள் அமைத்து, ஒன்றை மூடியபின்பே மற்றையதைத் திறத்தல் நன்று. கிறீசு பூசிய மஞ்சள் அட்டையை நாற்றின் உயரத்திற் தொங்கவிடின் ஈ வந்தமை தெரியவரும். சுருண்ட நாற்றைப் பையால் மூடியே பிடுங்குக. இன்றேல் அதிலுள்ள ஈக்கள் அயல் நாற்றுகளுக்குப் பறந்துவிடும்.