நிழற்பாவை ஆட்டத்திற்கு எளிய ஒளியமைப்பு: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு மாலைப்பொழுது எளிதில் கழிவதில்லை. ஆதலால், குழந்தைகள் பிரிவில் பாவைக்கூத்து ஒன்றை நடத்தலாமா என்று பெற்றோர் கேட்கும்போது நாங்கள் மகிழ்ந்து இசைகிறோம். அத்துடன் இரண்டு ஐயங்களும் எழுகின்றன. மேடை விளக்குகளுக்கு எவ்வளவு செலவாகும் என்பது ஒன்று. வலிப்பு நோய் உள்ள பிள்ளை அந்த ஆட்டத்தைப் பார்க்கலாமா என்பது மற்றொன்று. நரம்பியல் மருத்துவர்களாகிய நாங்கள் இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் கூறுகிறோம்: அசையாமல், ஒரே சீராக எரியும் ஒரு சிறு விளக்கு போதும். அதற்குச் செலவும் குறைவு. அதுவே பாதுகாப்பும் ஆகும்.

நூலில் ஆடும் பொம்மைகளுக்கு முன்புறத்திலிருந்தும் பக்கங்களிலிருந்தும் ஒளி வேண்டும். நிழற்பாவைக்கோ திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு இருந்தால் போதும். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி வண்ணம் தீட்டிய நம் தோற்பாவைகள் இம்முறையில்தான் வெண்திரையில் ஆடி வந்துள்ளன. முற்காலத்தில் எண்ணெய் விளக்கு எரிந்த இடத்தில் இன்று மின்விளக்கு எரிகிறது.

திரையும் விளக்கும்

சுருக்கமின்றி இழுத்துக் கட்டிய வெள்ளைப் பருத்தி வேட்டியே நல்ல திரையாகும். படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும்படி, அதன் கீழ் விளிம்பு கட்டிலின் மட்டத்திற்கு மேலே இருத்தல் வேண்டும். கறுப்புச் சார்ட் அட்டையில் உருவங்களை வெட்டி, ஈர்க்குச்சியை ஒட்டினால் பாவைகள் ஆயத்தமாகிவிடும். கண், அணிகலன் முதலிய இடங்களில் துளையிட்டு வண்ணக் கண்ணாடித்தாளை ஒட்டினால் நிழலிலும் நிறம் தோன்றும்.

விளக்காக 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த அளவு ஒளியை அது ஏறத்தாழத் தந்துவிடும். வெப்பமோ மிகக் குறைவு. அதைத் திரைக்குப் பின்னால் மூன்று, நான்கு அடி தொலைவில், திரையின் மேல் விளிம்பைவிடச் சற்று உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். அவ்வாறு கட்டினால் பல்பின் கூசும் ஒளி துணியை ஊடுருவிக் குழந்தையின் கண்ணில் நேராகப் படாது. பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழும். விளக்கை நோக்கி நகர்த்தினால் அது பெரிதாகி மங்கும். அரக்கன் வளர்வதைக் காட்ட வேறு கருவி தேவையில்லை.

தவிர்க்க வேண்டியவை

அகல், மெழுகுவர்த்தி, குத்துவிளக்கு ஆகியவற்றை இப்பிரிவில் ஏற்றக் கூடாது. ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் பற்றிய தீயை மிக விரைவாகப் பெருக்கும். துணித்திரையும் ஆக்சிஜன் பெறும் குழந்தையும் ஓரிடத்தில் இருக்கையில் சிறு சுடரும் பேரிடராகலாம். துணிக்கு அருகே சூடேறும் ஹாலஜன் விளக்கும் வேண்டா. மின்கம்பிகள் நடைவழியின் குறுக்கே செல்லாமல் சுவரோரமாகச் செல்லட்டும். மருத்துவக் கருவிகளுக்குரிய மின்செருகிகளை எக்காரணத்திற்காகவும் கழற்றாதீர்கள்.

விட்டுவிட்டு ஒளிரும் சீரியல் விளக்குகளையும், மினுக்கும் பழைய டியூப்லைட்டையும் விலக்குங்கள். மின்விசிறியிலும் கவனம் தேவை. மூன்று இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்திற்கு 300 முறை சுழன்றால், அதன் வழியே வரும் ஒளி நொடிக்கு 15 முறை மறைந்து தோன்றும். ஆகவே விளக்குக்கும் திரைக்கும் இடையே விசிறி இருக்கக் கூடாது.

வலிப்பு நோய் உள்ள குழந்தை பார்க்கலாமா?

பெரும்பாலும் பார்க்கலாம். ஒளியின் துடிப்பால் வலிப்பு தூண்டப்படுவோர் வலிப்பு நோயாளிகளுள் நூற்றுக்கு மூவர் அளவிலேயே உள்ளனர். அவர்களுள் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் மிகுதி. நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளியே பொதுவாக அவர்களைப் பாதிக்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி கேலிச்சித்திரத் தொடரில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி மின்னின. அதைப் பார்த்த குழந்தைகளுள் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. ஒரே சீராக எரியும் விளக்கில் இந்த இடர் இல்லை.

தம் பிள்ளைக்கு ஒளிக்கூர்மை உண்டா என்பதை அறியாத பெற்றோர் மருத்துவரிடம் கேளுங்கள். மூளை மின்னலைப் பதிவின்போது ஒளியை மின்னச் செய்து அதை ஆராய்கிறோம். ஒளிக்கூர்மை உள்ள குழந்தையைத் திரையிலிருந்து சற்றுத் தள்ளி அமர்த்துங்கள். அறையை முற்றிலும் இருட்டாக்காமல் ஒரு மங்கிய விளக்கை எரிய விடுங்கள். செவிலியர் குழந்தைகளின் முகத்தையும் சொட்டு மருந்தையும் காண அது உதவும். எதிர்பாராமல் ஒளி மின்னினால், குழந்தையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி, முகத்தைத் திருப்பிவிடுங்கள்.

ஆட்டத்தின் பொருட்டு மருந்து வேளையோ உறக்கமோ தவறக் கூடாது. விளக்கொளியைவிட இவ்விரண்டும் தவறுவதாலேயே வலிப்பு மிகுதியாக வருகிறது.

ஆட்டத்தின் நடுவே வலிப்பு வந்தால்

உடனே செவிலியரை அழையுங்கள். அறை விளக்கைப் போடச் சொல்லுங்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதால் பயனில்லை. வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலையாகும்.

நோயின் பெயரைக் கேட்டதும் குழந்தையை விளையாட்டிலிருந்தும் விழாவிலிருந்தும் விலக்கி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அத்தனிமையும் அக்குழந்தைக்கு ஒரு நோவே. ஆகவே, விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே அறையில் மிகவும் நலிந்த குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அக்குழந்தைக்குத் தீங்கு செய்யாத ஒளி எல்லாருக்கும் ஏற்றதாகவே இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் பிரிவின் பொறுப்புச் செவிலியரிடம் விளக்கைக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். பிறகு எல்லாக் குழந்தைகளையும் திரையின் முன் அழைத்து வாருங்கள்.