நல்ல கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்கு இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்குகிறது. டாக்டரோ நேராக இருக்கும் வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லியிருக்கிறார். "கோளாறு ஒரு கண்ணில், தண்டனை இன்னொரு கண்ணுக்கா, பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாய். கண் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்த காலம் முழுக்கத் தாய்மார்கள் கேட்டதும் இதைத்தான். கேட்கத் தயங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் பிளாஸ்திரியைக் கழற்றிவிட்டார்கள். அதனால் உனக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. பன்னிரண்டும் மூளையின் உத்தரவுக்கு இசைந்து இயங்கினால்தான் இரண்டு கண்ணும் ஒரே பொருள்மேல் நிற்கும். சற்றே வேறுபட்ட அந்த இரண்டு படங்களையும் மூளை ஒன்றாக்கிக்கொள்கிறது. ஊசியில் நூல் கோக்கும்போது தூரம் பிடிபடுவது அதனால்தான். ஒரு கண் விலகிவிட்டால் படங்கள் பொருந்தாது. பெரியவர்களுக்கு என்றால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். குழந்தையின் மூளையோ விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கித் தள்ளப் பழகிவிடும். "ரெண்டாத் தெரியுது" என்று தம்பி ஒருநாளும் சொல்லாதது இதனால்தான். இப்படியே விட்டால் அந்தக் கண்ணில் பார்வை வளராது. விழித்திரை, லென்ஸ் எல்லாம் நன்றாக இருந்தும் பார்வை குறைந்தே இருக்கும். சோம்பேறிக் கண் என்று சொல்வார்கள்.

டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளிடம் இதைக் கண்டறிந்தார்கள். பிறந்த சில வாரங்களுக்குள் ஒரு கண்ணை மூடிவைத்துப் பிறகு திறந்தால், கண் நன்றாக இருந்தும் மூளை அதன் சேதியை ஏற்கவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை மூடித் திறந்தபோது அப்படி ஆகவில்லை. பார்வை பழகுவதற்கு ஒரு பருவம் உண்டு என்பதை இது காட்டியது. பார்வையைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1981-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இப்போது பிளாஸ்திரிக்கு வருவோம். நல்ல கண் மூடியிருக்கும் நேரத்தில் மூளைக்கு வேறு வழியில்லை. ஒதுக்கிவைத்த கண்ணைக் கொண்டுதான் பார்த்தாக வேண்டும். ஏழு வயதுக்குள் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். அதற்குப் பிறகும் பலன் உண்டு, ஆனால் மெதுவாக வரும். தினமும் எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் சொல்வார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கண்ணாடிமேல் ஒட்டாமல் தோலில்தான் ஒட்ட வேண்டும். மூக்கோரம் சிறிது இடைவெளி இருந்தாலும் பிள்ளை தலையைச் சாய்த்து நல்ல கண்ணால் எட்டிப் பார்த்துவிடும். ஒட்டியிருக்கும் நேரத்தில் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலையாகக் கொடு. அப்பத்தாவை அவனோடு பல்லாங்குழி ஆடச் சொல். குழியிலிருந்து புளியங்கொட்டையை எடுத்து ஒவ்வொன்றாகப் போடுவதைவிட நல்ல பயிற்சியை என்னால் சொல்ல முடியாது. முதல் வாரம் அழுவான், விட்டுக்கொடுத்துவிடாதே.

ஒன்றை மறந்துவிடாதே: பிளாஸ்திரி பார்வையை வளர்க்கும், கண்ணை நேராக்காது. தூரப்பார்வைக் கோளாறால் கண் உள்நோக்கித் திரும்பும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடுவது உண்டு. கழற்றியதும் மறுபடி திரும்பும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கண்ணாடிக்கு அடங்காத மாறுகண்ணுக்கு ஆபரேஷன். கண்ணை வெளியே எடுத்துவைப்பார்கள் என்று ஊரில் சொல்வது பொய். கண்ணின் மேல்சவ்வை விலக்கி, தசையைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளியோ, சற்றுச் சுருக்கியோ தைப்பார்கள். அவ்வளவுதான்.

"மாறுகண் அதிர்ஷ்டம், அதைக் கெடுக்காதீங்க" என்று அப்பத்தா சொல்வதாக எழுதியிருந்தாய். அவர்மேல் கோபப்படாதே, பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த நம்பிக்கையால் ஐந்து வயதில் வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் பதினைந்து வயதில் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணை நேராக்க முடிந்தது. பார்வையைக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தாய்மாரின் முகங்கள் என்னை இன்னும் விட்டுப் போகவில்லை. பள்ளியில் தம்பியை யாராவது "டோரி" என்று கூப்பிட்டால் நீ சும்மா இருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பற்றியும் கேட்டிருந்தாய். முதல் மூன்று நான்கு மாதம் கண் அவ்வப்போது அலைபாயும். அதற்கு மேலும் விலகினால் காட்ட வேண்டும். மூக்குத்தண்டு அகலமாக உள்ள சில குழந்தைகளுக்கு மாறுகண் போலத் தோன்றும், ஆனால் இருக்காது. எட்ட நின்று டார்ச் அடித்தால் இரண்டு கருவிழியிலும் ஒரே இடத்தில் ஒளிப்புள்ளி தெரிகிறதா என்பதைத்தான் டாக்டரும் முதலில் பார்ப்பார். கண்பாப்பாவின் நடுவில் வெள்ளை ஒளி தெரிந்தாலோ, ஃபிளாஷ் படத்தில் ஒரு கண் மட்டும் வெளுத்துத் தெரிந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய் அப்படியும் தலைகாட்டும், மாறுகண்ணாகவும் தலைகாட்டும்.

பெரியவர்களுக்குத் திடீரென எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் அது வேறு சங்கதி. சர்க்கரை நோயால் கண்ணை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகும். கூடவே இமை தொங்கி, தலைவலியும் இருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சிறுவயதிலிருந்தே மாறுகண்ணோடு வாழ்பவர்களும் வயதாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டியதில்லை. எந்த வயதிலும் கண்ணை நேராக்கலாம். அமெரிக்கப் பேராசிரியை சூசன் பாரிக்குக் கைக்குழந்தையிலிருந்தே மாறுகண். சிறுவயதில் ஆபரேஷன்கள் செய்தும் இரு கண்ணும் சேர்ந்து பார்க்கவில்லை. கண் பயிற்சிக்குப் பிறகு, 48 வயதில், காரின் ஸ்டியரிங் தனக்கு முன்னால் தனியே எழும்பி நிற்பதை முதன்முறை கண்டார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவருக்கு நடந்தது.

மாறுகண் குடும்பத்தில் தொடரும் தன்மை உள்ளது. அடுத்த முறை தம்பியை அழைத்துப் போகும்போது உன் பெயருக்கும் ஒரு சீட்டு போடச் சொல். பவர் பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் எழுத்து மங்கலாகத் தெரியும். அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் போகாதே.

அன்புடன்,
பெரியம்மா