நெஞ்சு நீரும் செல்லின் டி.என்.ஏ. அளவும்



திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டித் தொழிலாளிக்கோ பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரருக்கோ வாரக்கணக்கில் இருமலும் மூச்சிரைப்பும் நீடித்து, நாமக்கல்லிலோ சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலோ எடுக்கும் எக்ஸ்ரேயில் நெஞ்சில் நீர் கோத்திருப்பது தெரிந்தால், முதல் ஐயம் காசநோயின் மேல் விழுவது இயல்பே. ஆனால் நுரையீரலைப் போர்த்திய புளூரா என்னும் ஈரடுக்கு உறைக்குள் புற்றுநோயும் அதே போல நீரைச் சேர்க்கும்.

ஊசியால் எடுத்த நீரை நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய வழி. அதில் ஒரு சிக்கல் உண்டு: உறையின் உட்பரப்பிலுள்ள மீசோதீலியச் செல்கள் அழற்சியால் தூண்டப்பட்டால், உட்கரு பருத்துக் கொத்தாகத் திரண்டு, புற்றுச்செல்லைப் போலவே தோற்றம் காட்டும். மறுபுறம், புற்றுநோயால் கோத்த நீரிலும் ஏறத்தாழ 60 விழுக்காட்டில்தான் புற்றுச்செல் கண்ணுக்கு அகப்படுகிறது.

தோற்றம் குழப்பும் இடத்தில் டி.என்.ஏ.வின் அளவு கைகொடுக்கிறது. 1924இல் ஜெர்மனியின் ராபர்ட் ஃபியுல்ஜன் கண்ட முறையில், செல்லை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்துப் பின் ஷிஃப் கரைசலில் இட்டால் உட்கருவின் டி.என்.ஏ. மட்டும் செந்நீலமாகச் சாயமேறும். சாயத்தின் அடர்த்தியே டி.என்.ஏ.வின் அளவைக் காட்டும். 46 குரோமோசோம்கள் கொண்ட இயல்பான செல், பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கும் என்பதால், பல செல்களின் அளவுகளைக் குறித்த வரைபடத்தில் ஒரு பெரிய முகடும் அதன் இருமடங்கில் ஒரு சிறு முகடும் தோன்றும். ஒன்றரை மடங்கு போன்ற பொருந்தாத இடத்தில் தெளிவான முகடு எழுந்தால், அது குரோமோசோம் கணக்குக் குலைந்த 'அனூப்ளாய்டி'. புற்றுநோய்க்கான வலுவான சான்று.

எனினும் முகடுகள் இயல்பாக இருந்தால் புற்றுநோய் இல்லை என்று தீர்ப்பளிப்பது பெருந்தவறு. புளூராவிலேயே தோன்றும் மீசோதீலியோமா உட்பட பல புற்றுகளின் டி.என்.ஏ. அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். அதனால்தான் இன்று எதிர்ப்பொருள் சாயச் சோதனைகளும் உறையின் திசுச் சோதனையும் முன்னிற்கின்றன. காசநோய்க்குப் பயன்படும் சிபிநாட் சோதனையும் டி.என்.ஏ.வைத்தான் தேடுகிறது என்றாலும், அது கிருமியின் டி.என்.ஏ.; கிருமிகள் குறைவாயிருக்கும் நெஞ்சு நீரில் அதுவும் அடிக்கடித் தவறவிடும்.

ஆகவே தம்பி, உற்றார் எவரேனும் காசநோய் மாத்திரை உண்டும் நீர் வற்றாமலோ மீண்டும் கோத்தோ இருந்தால், மாத்திரை முடியும்வரை காத்திராமல், நீரை மறுபடி சோதிக்கவும் திசு எடுத்துப் பார்க்கவும் மருத்துவரிடம் கேட்கச் சொல்.