நெடுந்தீவுக் குதிரை மூதூருக்கு வருமா?

கேள்வி: அமெரிக்காவில் காட்டுக் குதிரைகளைப் பிடித்துத் தத்துக் கொடுக்கிறார்களாமே! நெடுந்தீவுக் குதிரைக் குட்டி ஒன்றை அப்படி வாங்கி வளர்க்க முடியுமா?
— வாசகர், மூதூர்

பதில்: முடியாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் இந்தக் கட்டைக் குதிரைகள் உலவும் நிலத்தின் பெரும்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. அங்கிருந்து விலங்கைப் பிடித்துச் செல்லச் சட்டம் இடம் கொடாது. குறிகட்டுவான் படகில் ஏற்றும் யோசனையைக் கைவிடலாம்.

அமெரிக்காவிலோ 1971ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுக் குதிரைகளைக் காக்கிறது. மேய்ச்சல் நிலம் தாங்காத அளவு பெருகினால் அரசே பிடித்துத் தத்துக் கொடுக்கிறது. பழகாத பெரிய குதிரைக்கு ஆறடி உயர வேலி வேண்டும். கழுத்தின் இடப்பக்கம் கடுங்குளிரூட்டிய இரும்பால் குறியிடுவார்கள். அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைக்கும். ஓராண்டு ஒழுங்காக வளர்த்த பிறகே உரிமைப் பத்திரம்.

2019இல் தத்தெடுப்போருக்கு ஆயிரம் டொலர் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். விளைவு? பணம் கைக்கு வந்ததும் சிலர் குதிரைகளை இறைச்சி வியாபாரிகள் நடமாடும் ஏலச் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். காசு காட்டி வளர்ப்பாளர் தேடியது நல்ல யோசனையே அல்ல.

நெடுந்தீவில் பிரச்சினை வேறு: தண்ணீர். கோடையில் குளங்கள் வற்றக் குதிரைகள் மடிகின்றன. உதவ நினைப்பவர் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பும் வேலைக்குக் கைகொடுக்கலாம். முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.