பயப்படாமல் எழுதுங்கள்

பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். அங்கே படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். சில வீடுகளில் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள்.

கவனிப்பவர் திட்டினால்? மருந்து தராவிட்டால்? நோயாளி வாய் திறக்க மாட்டார். "நாளை வராமல் போனால்?" என்று பயப்படுவார். வீட்டார்தான் தனியாகக் கேட்க வேண்டும்.

என்ன நடந்தது? எந்த நாள்? எத்தனை மணிக்கு? யார் பார்த்தார்? எழுதி வையுங்கள். கவனிப்பவர் சொல்வதையும் கேளுங்கள். அவரும் உழைப்பாளி.

நர்ஸ் மேல் புகாரா? அரசு சுகாதார நிலைய டாக்டரிடம் கொடுங்கள். சம்பள ஆளா? அனுப்பிய ஏஜென்சியிடம் கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567. பேசக் காசு இல்லை. அடித்தால் 112. போலீஸ் வரும்.

கேரளத் தமிழர் அரசுத் துறைத் தலைவருக்குத் தமிழிலேயே எழுதலாம். 1969 ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை இது. நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.