தாவுவதற்கு அவசரம் வேண்டாம்

லாப்ரடாரோ ராஜபாளையமோ, நாய்க்குட்டியின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்புப் பகுதி இருக்கும். அது முழுதாக இறுக, சிறு இனங்களுக்கு ஏறக்குறைய 1 வயதாகும். பெரிய இனங்களுக்கு 18 மாதம்வரைகூட ஆகலாம். அதுவரை உயரத் தாவ விடுவதும் பைக்குக்குப் பின்னால் ஓட வைப்பதும் கூடவே கூடாது. வழவழப்பான டைல்ஸ் தரையில் பந்து வீசுவதும் ஆபத்துதான். கால் வழுக்கித் திரும்பும்போது மூட்டு அடிபடும். பாய் விரித்துவிடுங்கள்.

தடை தாண்டும் பயிற்சிக்கு இப்போதே அடித்தளம் போடலாம். ஏணியைத் தரையில் படுக்க வைத்து, படிகளுக்கு நடுவே மெதுவாக நடத்துங்கள். பின்னங்காலை எங்கே வைக்கிறோம் என்பதைக் குட்டி அப்போதுதான் கவனிக்கும். இருபுறமும் திறந்த பெரிய அட்டைப்பெட்டி சுரங்கமாகும். எல்லாவற்றையும்விட முக்கியம், பெயர் சொன்னதும் ஓடிவரப் பழக்குவது. ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். நடுவில் படுத்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள்.

தடுப்பூசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் புழங்கும் இடத்தில் இறக்கிவிட வேண்டாம்; பார்வோ உயிரைப் பறிக்கும் நோய். வெயில் நேரத்தில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். 7 விநாடி தாங்க முடியவில்லை என்றால், நடை மாலைக்குப் பிறகுதான்.