மின்னலுக்கு மிக அருகில் நின்றவர்கள்

கேரள மாநிலத்தில் ஆனைக்கரை என்னும் பெயரால் வழங்கும் ஊர்களுள் இரண்டு, மின்னலைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் பெரிதும் பயன்படக் கூடியவை. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பாரதப்புழையின் தென்கரையை அடுத்து, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்தது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருப்பது. இதற்கு அருகிலுள்ள செல்லார்கோவில் மலை விளிம்பில் நின்று கிழக்கே நோக்கினால், தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். இவ்விரண்டு ஊர்களிலும் இடி இடிக்கும் காலம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மின்னல் மனிதனை அடையும் வழி இரண்டிடத்தும் ஒன்றன்று. இந்த வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் எச்சரிக்கைகள் வயலில் நிற்பவனுக்கும் உதவா. தோட்டத்தில் நிற்பவளுக்கும் உதவா.

கேரளத்தில் இடிமழை மிகுந்த பருவங்கள் இரண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்கள் ஒன்று. அம்மழை ஓய்ந்தபின் வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மற்றொன்று. பின்னதைக் கேரள மக்கள் துலாவர்ஷம் என்பர். நம் ஐப்பசி மழை அதுவே. காலையில் வானம் தெளிந்திருக்கும். நண்பகல் வெயிலில் தரை காய்ந்து காற்று மேலெழும். கடற்காற்று கொணரும் ஈரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் மோதி உயரும். பிற்பகலில் முகில் திரண்டு நிற்கும். இக்காரணம் பற்றியே அம்மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விழிப்போடிருக்குமாறு அறிவுறுத்துகின்றது. பள்ளி விடும் நேரமும், தோட்ட வேலை முடியும் நேரமும் இதற்குள் அடங்கிவிடுவது கவனிக்கத் தக்கது.

மின்னல் மிக அருகில் விழக் கண்டு உயிர் தப்பியவர்களை விசாரித்தால், அவர்கள் கூறுவன பெரும்பாலும் ஒத்திருக்கும். ஒளியும் ஒலியும் ஒரே கணத்தில் வந்தன என்பர். ‘மடமட’ என்ற உருளல் ஒலி கேட்கவில்லை, துணி கிழிவது போலவோ சாட்டை சொடுக்கியது போலவோ ஓர் ஓசை மட்டும் கேட்டது என்பர். சிலர், அதற்குச் சற்று முன்னரே மயிர் சிலிர்த்து நின்றது, தோல் கூசியது, கையிலிருந்த கம்பி ‘ஸ்ஸ்’ என்று இரைந்தது என்றும் கூறுவர். இவற்றை அச்சத்தால் எழுந்த மயக்கம் என்று தள்ளிவிடலாகாது; ஒவ்வொன்றும் இயற்பியலால் விளக்கக் கூடியதே.

முகிலின் அடிப்பகுதியில் எதிர்மின்னூட்டம் மிகும்பொழுது, அதற்கு நேர்கீழே தரையில் நேர்மின்னூட்டம் தூண்டப்படுகின்றது. முகிலிலிருந்து ஒரு மின்பாதை, ஏறத்தாழ ஐம்பது ஐம்பது மீட்டராகப் படிப்படியாய் இறங்கி வரும். அது தரையை நெருங்குகையில், மரம், கம்பம், மனிதன் ஆகிய உயர்ந்த பொருள்களிலிருந்து சிறு மின்பொறிகள் மேல்நோக்கிக் கிளம்பும். அவற்றுள் ஒன்று இறங்கிவரும் பாதையோடு கூடியவுடன், முப்பதாயிரம் ஆம்பியர் அளவான மின்னோட்டம் பாய்கின்றது. காற்று ஏறத்தாழ 30,000 பாகை வரை சூடேறி வெடிக்கின்றது, அதுவே இடி. மயிர் சிலிர்ப்பது, இந்தப் பொறி தன் உடலிலிருந்தே கிளம்பக் கூடும் என்பதற்கு அறிகுறியாகும். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மோரோ பாறை என்னும் குன்றின்மீது ஏறிய இளைஞர் சிலர், தம் தலைமயிர் செங்குத்தாய் நிற்பதைக் கண்டு நகைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டனர். சிறிது நேரத்தில் மின்னல் விழுந்தது. அப்புகைப்படம் இன்றும் பாடநூல்களில் காட்டப்படுகின்றது.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். மின்னல் தாக்கியது என்றவுடன், அது வானத்திலிருந்து நேரே தலையில் இறங்கியதாகவே எவரும் எண்ணுவர். மருத்துவ ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி, நேரடித் தாக்குதலுக்கு ஆளாவோர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையே. ஏறக்குறைய பாதிப் பேர் தரை வழியே பரவும் மின்னோட்டத்தால் தாக்குறுகின்றனர். மூன்றில் ஒரு பங்கினர்க்கு அருகிலிருந்த மரத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ மின்சாரம் பக்கவாட்டில் தாவுகின்றது. ஏனையோருள் சிலர் குழாய், கம்பி முதலியவற்றைத் தொட்டிருந்தவர்கள். சிலர் தம் உடலிலிருந்து மேல்நோக்கி எழுந்த பொறியால் மட்டுமே காயமுற்றவர்கள். ஆகவே, தாக்குண்டவரிடம் ‘எப்படி விழுந்தது?’ என்று கேட்பதைவிட, ‘எங்கே நின்றீர்கள்? எதைத் தொட்டுக்கொண்டிருந்தீர்கள்? கால்கள் எவ்வளவு அகன்றிருந்தன?’ என்று கேட்பதே களப்பணியாளருக்கு உண்மையைத் தரும்.

தரைவழி மின்னோட்டத்தை உயர்நிலை வகுப்பில் ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு மரத்தின் அடியில் 30,000 ஆம்பியர் இறங்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீராய் மண்ணில் பரவுவதாகக் கொள்க. மலைப்பாங்கான இடத்தில் பாறையின்மேல் மெல்லிய மண் போர்த்திருக்கும். அதன் மின்தடை எண் 1,000 ஓம்-மீட்டர் என வைத்துக்கொள்வோம். மரத்திலிருந்து 20 மீட்டர் தொலைவில், மீட்டருக்கு ஏறத்தாழ 12,000 வோல்ட்டு வேறுபாடு தரையில் தோன்றும். அங்கு மரத்தை நோக்கி அரை மீட்டர் அகலமாகக் காலெடுத்து வைத்தவனுடைய இரு பாதங்களுக்கும் இடையே 6,000 வோல்ட்டு அமையும். அதே இடத்தில் மரத்தை நோக்கி நிற்கும் பசுவின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருப்பின், 18,000 வோல்ட்டு. மனிதனுக்கு ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும் மின்னோட்டம், பசுவிற்கு நெஞ்சின் வழியே செல்கின்றது. ஒரே இடியில் பல மாடுகள் மடிந்து கிடக்க, மேய்த்தவன் கால் மரத்து எழுந்து வருவதன் காரணம் இதுவே. தெய்வச் செயல் என்று ஊரார் கூறுவதை மறுக்க வேண்டுவதில்லை. கரும்பலகையில் இக்கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும்.

பாலக்காட்டு ஆனைக்கரையின் ஈரமான வயல்மண்ணுக்கு மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் எனக் கொண்டால், மேற்கூறிய அளவுகள் யாவும் பத்தில் ஒன்றாகக் குறையும். அதனால் வயல் பாதுகாப்பானது என்று முடிவு செய்தல் தவறு. நடவு செய்யவோ களையெடுக்கவோ இறங்கியவர்களைவிட உயர்ந்த பொருள் சமவெளி வயலில் வேறில்லை. அங்கே மனிதனே மரம். தரைவழி வரும் தீங்கு குறைய, நேரடித் தாக்குதலும் மேல்நோக்கிய பொறியும் ஓங்குகின்றன. வரப்பில் நிற்கும் ஒற்றைப் பனைக்கோ தென்னைக்கோ கீழே ஒதுங்கினால், தீங்கு பக்கவாட்டுத் தாவலாக மாறுமேயன்றி நீங்காது.

இடுக்கி ஆனைக்கரையில் நிலைமை வேறு. ஏலச்செடி நிழல் விரும்புவது. உயர்ந்த காட்டு மரங்களை நிழலுக்காக விட்டே தோட்டம் அமைப்பர். எனவே ‘மரத்தடியில் நில்லாதீர்’ என்னும் வாசகத்தை அங்கே ஒட்டி வைப்பதால் பயனில்லை. வேலை செய்யும் இடம் முழுவதுமே மரத்தடிதான். கம்பம், தேனிப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் மலையேறி வரும் தமிழ்த் தொழிலாளர் பலர், பெரும்பாலும் பெண்கள், இத்தோட்டங்களில் காய் பறிக்கின்றனர். மழை தூறத் தொடங்கியதும் ஒரு பெரிய மரத்தின் வேரடியில் அனைவரும் கூடிக் கொங்காணி போர்த்தி அமர்வது இயல்பு. ஒரே வேரின்மேல் பலர் அமர்ந்தால், ஒரே இடியில் பலர் தாக்குறுவர். இடி கேட்டவுடன் ஏலக்காய் ஸ்டோர் போன்ற உறுதியான கட்டடத்திற்குச் சென்றுவிடுவதே சிறந்தது. அதற்கு வழியில்லையெனில், உயர்ந்த மரங்களை விட்டுத் தாழ்ந்த மரங்கள் உள்ள இடத்தில், அடிமரத்தையும் வேரையும் தொடாமல், ஒருவருக்கொருவர் பல அடி விலகி, பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருத்தல் தீங்கைச் சிறிது குறைக்கும். முற்றும் நீக்கும் என்று கூறுதற்கில்லை.

இவர்கள் ஏறி வரும் ஜீப்பைப் பற்றியும் ஒரு சொல். உலோகக் கூரையும் உலோகப் பக்கங்களும் உடைய மூடிய வண்டி நல்ல காப்பாகும். மின்னோட்டம் வெளித்தகட்டின் வழியே தரைக்குச் சென்றுவிடும். ரப்பர்ச் சக்கரம் காப்பதாகப் பலர் நம்புவது பிழை. இத்தனை கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்கு ஓரடி ரப்பர் ஒரு தடையன்று. தார்ப்பாய்க் கூரை போட்ட ஜீப்பிற்கு இக்காப்பு இல்லை என்பதை ஓட்டுநர்களுக்குச் சொல்லுதல் வேண்டும்.

வீட்டிற்குள் இருந்தும் தாக்குண்டோர் கேரளத்தில் மிகப் பலர். திருவனந்தபுரத்தில் அந்நாளில் புவி அறிவியல் ஆய்வு மையம் எனப்பட்ட நிறுவனத்தின் எஸ். முரளிதாஸ் முதலியோர் இதனை நீண்ட காலம் ஆராய்ந்தனர். 1986 முதல் 2002 வரையிலான பதிவுகளை நோக்கியதில், அம்மாநிலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ எழுபது பேர் மின்னலால் இறந்தமை அறியப்பட்டது. வீட்டை ஒட்டியே பலாவும் தென்னையும் ஓங்கி நிற்பதும், மண் மின்சாரத்தை எளிதில் உள்வாங்காமையும் சேர்ந்து, மரத்தில் இறங்கிய மின்னோட்டம் நிலத்தின் மேற்பரப்பிலேயே ஓடி வீட்டிற்குள் புகுகின்றது. கூரைமேல் நடும் கூர்க்கம்பி ஒன்றால் மட்டும் இதனைத் தடுக்க இயலாது. ஆதலின் வீட்டைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு வளையமாகக் கடத்தியைப் புதைக்கும் முறையை அவர்கள் பரிந்துரைத்தனர். வளையத்திற்குள் இருக்கும் தரை முழுதும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்திற்கு உயர்வதால், உள்ளே நிற்பவர் கால்களுக்கிடையே வேறுபாடு மிகுதியாகத் தோன்றாது. சுவரில் சாயாமலும், வெறுந்தரையில் படுக்காமலும், கம்பி இணைப்புள்ள கருவிகளைத் தொடாமலும் இருப்பதன் பயனும் இதனால் விளங்கும்.

இடி இடிக்கும்பொழுது அர்ச்சுனனின் பத்துப் பெயர்களைச் சொல்லும் வழக்கம் தமிழரிடத்தும் மலையாளிகளிடத்தும் உண்டு. இதனை ஆசிரியர் எள்ளாமல் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். பத்துப் பெயர்களையும் ஒருமுறை சொல்ல எத்தனை நொடி ஆகின்றது என்று வகுப்பில் கடிகாரம் வைத்து அளந்துவிட்டால், ஒளி கண்டபின் சொல்லத் தொடங்கும் சிறுவன், இடி கேட்பதற்குள் எத்தனை முறை சொன்னான் என்பதைக் கொண்டு தொலைவைக் கணித்துவிடுவான். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது. உடனே உள்ளே போதல் வேண்டும். கடைசி இடி கேட்டபின் அரை மணி நேரம் கழியாமல் வெளியே வரலாகாது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலியும் அருகில் விழும் மின்னலை அறிவிக்கின்றது. மலைச்சரிவில் அலைவரிசை கிடையாத இடங்களில் பழைய முறையே துணை.

தாக்குண்டு வீழ்ந்தவரைத் தொட்டால் தொட்டவரையும் மின்சாரம் பற்றும் என்ற அச்சத்தால் அருகே செல்லாது நிற்போர் இன்றும் உளர். நாட்டின் சில பகுதிகளில் வீழ்ந்தவரைச் சாணத்தில் புதைத்து வைத்தமையும் செய்திகளாக வெளிவந்துள்ளன. மின்னோட்டம் நொடியின் சிறு பகுதியில் தரையேறிவிடுகின்றது. உடலில் எதுவும் தங்குவதில்லை. மின்னலால் தாக்குண்டோருள் பத்தில் ஒருவரே இறக்கின்றனர். அந்த ஒருவரும் பெரும்பாலும் இதயம் நின்றமையால் இறக்கின்றார். இதில் ஒரு நுட்பம் உண்டு. நின்ற இதயம் பல வேளைகளில் தானே மீண்டும் துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி மரத்துப் போயிருக்கும். மூச்சின்றி உயிர்வளி குறைந்து, இதயம் இரண்டாம் முறை நிற்கும். இந்த இடைவெளியில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுபவர் ஒருவர் இருந்தால் உயிர் மீளக் கூடும். நாடி இல்லையெனில் நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்க, முப்பது அழுத்தத்திற்கு இரண்டு மூச்சு என்ற கணக்கில் தொடர்தல் வேண்டும். ஒருவர் இதனைச் செய்ய, மற்றவர் 108 வண்டிக்குச் சொல்லியனுப்புக. பலர் ஒருங்கே வீழ்ந்திருந்தால் முனகுபவரையும் அழுபவரையும் விட்டு, அசைவற்றுக் கிடப்பவரிடமே முதலில் செல்லுதல் முறை, முனகுபவர் பிழைத்துக்கொள்வார். இது மற்ற விபத்துகளில் பின்பற்றும் முறைக்கு நேர்மாறானது.

பிழைத்தவர் சிலர்க்குக் கால்கள் நீலம் பாய்ந்து, குளிர்ந்து, அசைவற்றுக் கிடக்கும். சில மணி நேரத்தில் பெரும்பாலும் இது தானே நீங்கும். செவிப்பறை கிழிந்திருத்தல் கூடும். கண்ணில் புரை சில வாரம் அல்லது மாதங்கள் கழித்தும் தோன்றலாம். நினைவு தடுமாறுதல், உறக்கமின்மை, கவனம் சிதறுதல் ஆகியவை நெடுநாள் நீடிப்பதுண்டு. இடிக்குத் தப்பிய குழந்தை பள்ளிக்குத் திரும்பியபின் கணக்கில் பின்தங்கினால், அதைச் சோம்பல் என்று கொண்டு தண்டிக்கலாகாது. செவியையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டச் செய்தல் ஆசிரியர் கடன்.

தோலில் பெரணி இலை போன்ற கிளைத்த சிவப்புக் கோடுகள் சிலர்க்குத் தோன்றும். இவை தீப்புண் அல்ல, மருந்தும் வேண்டா. மின்னல் தவிர வேறெதனாலும் இவ்வுருவம் உண்டாதல் அரிது. கேரளத்தில் மின்னல் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டிருப்பதால், உதவித்தொகை கோரும் குடும்பத்தினர்க்கு இக்கோடுகள் நல்ல சான்றாகும். ஆனால் சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அவை மறைந்துவிடும். ஆதலின் கிராம அலுவலர் சென்ற அன்றே அவற்றைப் படம் பிடித்து, நின்ற இடம், அருகிலிருந்த மரத்தின் தொலைவு, நேரம் ஆகியவற்றோடு பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.